பொடிச்சி போட்ட கூச்சல்

எறும்பும் புல்லும் பேசித் திரிந்த அந்தக் காலத்தில், உயிரணுவுக்குள் குடியிருந்த குரோமோசோம் இழைகளும் பேசின. அவர்களில் ஆகச் சிறியவள் பொடிச்சி.

உயிரணுதான் அவர்கள் வீடு. வீடு இரண்டாகப் பிரியுமுன் ஒவ்வோர் இழைக்கும் அச்சு அசலாக ஒரு தங்கை பிறப்பாள். இருவரும் இடுப்போடு இடுப்பு ஒட்டி நிற்பார்கள். வடக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் கயிறுகள் வந்து ஆளுக்கொரு திசையில் இழுத்துப்போகும். யாரும் யாருக்காகவும் நிற்பதில்லை. தன் கயிறு இறுகியதும் பிடியை விட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

பக்கத்து வீட்டிலும் அப்படித்தான் போனார்கள். கடைசி ஜோடிக்கு ஒரு பக்கத்துக் கயிறுதான் கிடைத்தது. இருவரும் ஒரே பக்கம் போய்ச் சேர்ந்தார்கள். பிரிந்த இரண்டில் அவர்கள் போகாத வீடு சுருங்கிச் செத்தது. போன வீடோ, நிற்கத் தெரியாமல் பெருத்துக்கொண்டே வந்தது. அதன் சுவர் இப்போது பொடிச்சியின் வீட்டை நெரித்துக்கொண்டிருந்தது.

அந்த நெரிசலில்தான் இந்த வீட்டுக்கும் பிரியும் நாள் வந்தது.

"எனக்கு ரெண்டு பக்கமும் இறுகியாச்சு. கிளம்புறேன்" என்றாள் எல்லாரிலும் நீளமான நெடுவாலி.

பொடிச்சி தன் இடுப்பையும் தங்கையின் இடுப்பையும் தடவிப் பார்த்தாள். தெற்குக் கயிறு மட்டும்தான் இருந்தது.

"எனக்கு வடக்குக் கயிறு வரலை!"

"இத்துனூண்டு உடம்புக்கு ரெண்டு கயிறு ஒரு கேடா? சுவர் நெரிக்குதுடி!"

"நான் இல்லாத வீடு சாகும். அந்த வீட்டுல நீயும் இருப்பே, நெடுவாலி!"

நெடுவாலி தன் தங்கையை மறுபடி இறுகப் பிடித்தாள். பொடிச்சி வீடே அதிரக் கத்தினாள். "விடாதீங்க! யாரும் விடாதீங்க!"

ஒருத்தியும் பிடியை விடவில்லை. சுவர் இன்னும் நெருங்கியது. வடக்குக் கயிறு இருட்டில் துழாவியது. தங்கையின் இடுப்பை உரசி நழுவியது. மறுபடி வந்தது. இந்த முறை கவ்விக்கொண்டது.

பொடிச்சி அப்போதும் கத்திக்கொண்டே இருந்தாள்.

"அக்கா, அதான் வந்திருச்சே. வாயை மூடுக்கா."

"மூடினா உன்னை இழுத்துட்டுப் போயிருமே!"

"போகலேன்னா எல்லாருமே நசுங்கிருவோம்."

சுவர் தங்கையை அழுத்துவது பொடிச்சியின் இடுப்பில் தெரிந்தது. அவள் வாயை மூடினாள்.

அந்தக் கணமே எல்லாப் பிடிகளும் ஒன்றாக விட்டன. தெற்கே போகும்வரை பொடிச்சி தங்கையையே பார்த்துக்கொண்டு போனாள். பிறகு நடுவில் சுவர் எழும்பிவிட்டது.

அன்று தொடங்கிய வழக்கம்தான் இது: உயிரணு பிரியும்போதெல்லாம் குரோமோசோம்கள் நடுவில் வரிசைகட்டி நிற்கின்றன. கயிறு கிடைக்காத ஒருத்தி கத்திக்கொண்டிருக்கும்வரை மற்றவர்கள் அசைவதில்லை. அவள் அடங்கியதும், அத்தனை அக்காள்களும் ஒரே நேரத்தில் தங்கைகளை விட்டுவிடுகிறார்கள்.