பேர் எழுதிய கையுறை

"இந்த கிளவுஸ் நாறுதும்மா. இனி என்னால முடியாது. நாலரை பஸ்ஸுக்குக் கிளம்புறேன்."

ஆவுடையப்பன் ஆசிரம வாசலில் நின்று சொன்னார். வயது அறுபத்திரண்டு. தோளில் பை ஏறிவிட்டது.

குரு பர்வதம்மாவுக்கு அவரைவிட இருபது வயது குறைவு. தண்ணீர் மோட்டாரைப் பிரித்துப் போட்டு, வால்வோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"கழுவலையாய்யா?"

"தினமும் மூணு தரம் சோப்பு போடுறேன். பினாயில்லகூட ஊற வச்சேன். இந்த ஊர் சாக்கடை அப்படி!"

ஆசிரமத்தில் அடைப்பெடுப்பதும் கழிவறை கழுவுவதும் ஆவுடையப்பன் பங்கு. முழங்கை வரை வரும் ரப்பர் கையுறை ஒரு ஜோடி கொடுத்திருந்தார்கள். மூன்று மாதமாக அதே ஜோடிதான்.

"டவுன்ல மெல்லிசு கிளவுஸ் டப்பாவா விக்குது. ஒரு டப்பால நூறு கிளவுஸ் இருக்கும். ஒரு தடவை போட்டு உருவி எறிஞ்சிடலாம். நாத்தம் ஒட்டவே நேரமிருக்காது."

"அடைப்பெடுக்குற கம்பி பட்டா கிழிஞ்சிடுமே?"

"கிழிஞ்சா அடுத்தது."

பர்வதம்மா தலையாட்டினார்.

"இங்க வர்றதுக்கு முன்னாடி எத்தனை ஆசிரமம்?"

"நாலு."

"ஏன் விட்டீங்க?"

"முதல் இடத்துல சாமி ஓயாம பேசினார். அடுத்த இடத்துல வாயே திறக்கல. மூணாவதுல சாப்பாடு சரியில்ல. நாலாவதுல கூட இருந்தவங்க சரியில்ல."

சொல்லச் சொல்ல அவருக்கே மூச்சு வாங்கியது.

"மனசு ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குதும்மா. சாகுறதுக்குள்ள எங்கயாவது நிம்மதியா உக்காரணும். பயமா இருக்கு."

"கிளவுஸைக் கொண்டாங்க."

கொண்டு வந்தார். மணிக்கட்டுப் பக்கம் மார்க்கரில் கொட்டை எழுத்து: ஆவுடையப்பன்.

"பேர் எதுக்கு?"

"வேற எவனும் போட்டுடக் கூடாதுல்ல?"

பர்வதம்மா அதை வெளிப்பக்கம் முகர்ந்து பார்த்தார்.

"சோப்பு வாசனைதான் வருது."

பிறகு கையுறையின் வாயைப் பிடித்து உள்பக்கம் வெளியே வர உருவினார். விரல்கள் பாதியில் சிக்கின. வாயைச் சுருட்டிக் காற்றை அடைத்து அழுத்தினார். ஐந்து விரலும் படக்கென்று வெளியே வந்தன. உள்ளே வெள்ளையாக இருந்திருக்க வேண்டிய துணி பழுப்பேறிக் கிடந்தது.

மூன்றடி தள்ளி நின்ற ஆவுடையப்பன் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"சாக்கடை நாத்தமா?" என்று கேட்டார் பர்வதம்மா.

சாக்கடை நாற்றம் அவருக்குத் தெரியாததா? மூன்று மாதப் பழக்கம்.

"இல்ல. வேர்வை."

"யாரோட வேர்வை?"

ஆவுடையப்பன் தன் உள்ளங்கைகளைப் பார்த்தார்.

பர்வதம்மா கையுறையை அவர் காலடியில் வைத்துவிட்டு மோட்டார் பக்கம் திரும்பினார்.

"ஆத்துக்கு அந்தக் கரையில ஒரு ஆசிரமம் இருக்கு. நல்ல சாமி. நாலரை பஸ் அங்கதான் போகுது."

சாலையில் ஹாரன் அடித்தது. மறுபடியும் அடித்தது. பிறகு பஸ் போகும் சத்தம் கேட்டது.

ஆவுடையப்பன் பையைக் கீழே இறக்கி, உள்பக்கம் வெளியே கிடந்த அந்தக் கையுறையை எடுத்தார்.

"அம்மா, கொஞ்சம் சோப்பு இருக்குமா?"