மைனா சேர்த்த இங்கிலீஷ் வார்த்தைகள்

காட்டுக் குளக்கரையில் ஒரு நாவல் மரம். அதில் மஞ்சாடி என்ற மைனா இருந்தது. கீழே கோரைப்புல்லில் அல்லி என்ற நீர்க்கோழி மூன்று குஞ்சுகளோடு குடியிருந்தது. அல்லி இரை தேடப் போனால் மஞ்சாடிதான் காவல். ஆபத்து என்றால் "கிர்ர்ர்!" என்று கத்தும். குஞ்சுகள் புல்லுக்குள் ஓடி ஒளியும்.

பக்கத்து வன விடுதியில் தங்கியிருந்த பெண் பரீட்சைக்காக இங்கிலீஷ் வார்த்தைகளை உரக்க மனப்பாடம் செய்தாள். மஞ்சாடிக்கு ஆசை பிடித்துக்கொண்டது. ஜன்னலில் உட்கார்ந்து ஒன்று விடாமல் பொறுக்கிக்கொண்டது.

"அல்லி, இன்னிக்குக் குளம் மேக்னிஃபிசென்ட்!"

"அப்படின்னா?"

"ரொம்ப அழகா இருக்குன்னு அர்த்தம்."

"அதையே சொல்லிட்டுப் போயேன்!" என்று அல்லி சிரித்தது. ஆனாலும் உள்ளூரப் பெருமைதான். "எங்க மஞ்சாடிக்கு ஆபத்துங்கிற ஒண்ணுக்கே எத்தனை இங்கிலீஷ் வார்த்தை தெரியும் தெரியுமா!" என்று மீன்கொத்தியிடம் பீற்றிக்கொள்ளும்.

ஒருநாள் அல்லி அக்கரைக்குப் போயிருந்தது. காட்டுப்பூனை ஒன்று பதுங்கிப் பதுங்கி வந்தது. மஞ்சாடி பார்த்துவிட்டது. வாயைத் திறந்தது. ஆபத்துக்கு எந்த வார்த்தையைச் சொல்வது? 'டேஞ்சர்' எல்லாருக்கும் தெரிந்தது. 'பெரில்' சப்பென்று இருந்தது. இவ்வளவு பெரிய பூனைக்கு அதெல்லாம் போதுமா?

"கலாமிட்டி! இம்மினென்ட் கலாமிட்டி!" என்று கத்தியது. பேராபத்து நெருங்கிவிட்டது என்று அர்த்தம்.

குஞ்சுகள் அண்ணாந்து பார்த்தன. "ஐ! சித்தி புதுப் பாட்டு பாடுறாங்க!" என்று கரைக்கே ஏறி வந்துவிட்டன. பூனை பாய்வதற்குக் காலை மடக்கியது.

மஞ்சாடிக்குச் சேர்த்ததெல்லாம் மறந்துபோயிற்று. தொண்டையிலிருந்து தானாகக் கிளம்பியது அந்தப் பழைய சத்தம்.

"கிர்ர்ர்!"

குஞ்சுகள் சட்டென்று மறைந்தன. பூனையின் வாயில் கோரைப்புல்தான் சிக்கியது.

சத்தம் கேட்டு அல்லி அலறியடித்துக்கொண்டு வந்தது. மஞ்சாடி நடந்ததையெல்லாம் மறைக்காமல் சொல்லி அழுதது. "இனிமே எனக்கு இங்கிலீஷே வேணாம், அல்லி!"

அல்லி குஞ்சுகளை ஒவ்வொன்றாக அலகால் தடவிப் பார்த்தது. பிறகுதான் அதற்கு மூச்சு வந்தது.

"ஏன் வேணாம்? நீ பேசுறதைக் கேட்காட்டி எனக்குப் பொழுதே போகாது. நல்லாப் படி. இதுங்களுக்கும் சொல்லிக் கொடு. ஆனா பூனை வந்தா மட்டும், என் கண்ணு, கிர்ர்ருன்னு கத்திடு!"

"கலாமிட்டி! கலாமிட்டி!" என்று குஞ்சுகள் குதித்தன. மஞ்சாடி அழுகையினூடே சிரித்துவிட்டது.

எத்தனை பெரிய வார்த்தைகளை வேண்டுமானாலும் ஆசையாகச் சேர்க்கலாம். ஆனால் கேட்பவருக்குப் புரிகிற வார்த்தைதான் ஆபத்தில் உயிரைக் காக்கும்.