கை உசந்தால் கெட்டிமேளம்

கழுத்தில் அட்டை, காதில் ஒயர், வைகாசி வெயிலில் கறுப்புக் கோட்டு. கல்யாணக் கோஆர்டினேட்டர் கோகுல்நாத் மேளக்காரர்களின் மேடையில் ஒரு காலைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்ற நிற்பைப் பார்த்ததுமே தவில்காரர் பக்கிரிசாமிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கோஆர்டினேஷன்னா என்னன்னு தெரியுமாய்யா உங்களுக்கு?"

குழந்தைவேலு நாதஸ்வரத்துக்கு மூச்சிழுத்தால் போதும், பக்கிரிசாமியின் கை தானாகத் தவிலுக்குப் போய்விடும். முப்பது வருஷமாக அப்படித்தான். அதற்கு ஒரு பேர் வைக்க வேண்டுமென்று இருவருக்கும் தோன்றியதில்லை.

"சொல்லுங்க தம்பி, தெரிஞ்சுக்கிறோம்," என்றார் பக்கிரிசாமி.

எதிர்த்துப் பேச வழியில்லை. போன மாசம் இதே மன்னார்குடி மண்டபத்தில் வீடியோக்காரர்கள் ஐயரை மறைத்துக்கொண்டு நிற்க, மூணு முடிச்சும் விழுந்த பிறகுதான் கெட்டிமேளம் விழுந்தது. இன்னொரு தடவை தப்பினால் இந்த மண்டபத்தை மறந்துவிட வேண்டியதுதான் என்று மேனேஜர் கறாராகச் சொல்லிவிட்டார். அதனால் இன்றைக்குப் புது ஏற்பாடு. ஐயரைப் பார்க்கவே கூடாது. கோகுல்நாத்தின் வலது கை உசந்தால் கெட்டிமேளம்.

பெண் கூறைப்புடவை மாற்றப் போயிருந்தாள். மேளத்துக்குக் கொஞ்சம் ஓய்வு. கோகுல்நாத்தின் வாய்க்குத்தான் ஓய்வு கிடையாது.

"திருச்சியில ஒரே மண்டபத்துல, ஒரே முகூர்த்தத்துல பதினோரு கல்யாணம். ஒத்தை ஆளா நின்னு நடத்தினேன். ஒரு பொண்ணு மாறி உக்காரலை!"

"ஐயர் எத்தனை பேரு?" என்றார் குழந்தைவேலு.

"ஒருத்தர்தான். சைக்கிள்ல சுத்தி வந்தாரு."

பக்கிரிசாமி தவில் வாரை இழுத்து இறுக்கினார். கோட்டுப் போட்டுக்கொண்டு புளுகினால் புளுகு நிஜமாகிவிடுமா என்ன?

"அது கிடக்கட்டும். மதுரை மாப்பிள்ளை ரயில்ல மாட்டிக்கிட்டாரு. முகூர்த்தத்துக்கு அஞ்சு நிமிஷம். ஒரு போன் போட்டேன். ரயிலு தண்டவாளத்தை விட்டு இறங்கி, பைபாஸ்ல திரும்பி, மண்டப வாசலுக்கே வந்துடுச்சு!"

"வாசல்ல வாழை மரம் கட்டியிருப்பாங்களே தம்பி?" என்றார் பக்கிரிசாமி.

"ஹாரன் அடிச்சுது. ஒதுங்கிக்கிச்சு."

பெண் வந்து மணையில் உட்கார்ந்தாள். தாலியைத் தேங்காய் மேல் வைத்து, தட்டில் ஏந்தி, பெரியவர்கள் தொட்டு ஆசீர்வதிக்கச் சபைக்குள் கொண்டுபோனார்கள். தட்டு மூன்றாவது வரிசையில் காது கேட்காத ஒரு பெரியவரிடம் நின்றது. குழந்தைவேலு சீவாளியை வாயில் வைத்துக்கொண்டு கோகுல்நாத்தின் வலது கையையே பார்த்தார். மண்டபம் போய்விடுமோ என்ற பயம் அவருக்கு.

கோகுல்நாத்துக்கோ கதைதான் முக்கியம். "இதெல்லாம் என்னய்யா! ஊட்டியில திறந்தவெளிக் கல்யாணம். மழை மேகம் திரண்டு வருது. பந்திக்கு ஆள் விடுற மாதிரி வரிசையில நிக்க வச்சேன். ஒரு மேகம் மட்டும் முந்திக்கிட்டு வந்துச்சு. நில்லுன்னு கையை உசத்தினேன் பாருங்க, இப்படி!"

வலது கை உச்சிக்குப் போனது.

குழந்தைவேலு மூச்சிழுத்துவிட்டார். தப்பு என்று பக்கிரிசாமிக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய, முப்பது வருஷத்துக் கை கேட்கவில்லை. கெட்டிமேளம் இடியாக இறங்கியது. எண்ணூறு பேர் எழுந்து அட்சதையை வீசினார்கள். மாப்பிள்ளை வெறுங்கையோடு திருதிருவென்று விழித்தான். தாலி இன்னும் மூன்றாவது வரிசையில் இருந்தது.

பெண்ணின் அப்பா வைத்திலிங்கம் பாய்ந்து வந்தார். "யாருய்யா அடிக்கச் சொன்னது?"

"மேளத்துக்காரங்களுக்குக் கோஆர்டினேஷனே இல்லை சார்!" என்றான் கோகுல்நாத். கை இன்னும் மேலேதான் இருந்தது.

வைத்திலிங்கம் அந்தக் கையைப் பார்த்தார். பதினாறு தேங்காய் அடுக்கிய சீர்த்தட்டைத் தூக்கி வந்து, அவனுடைய இரண்டு கையிலும் வைத்தார். "இதைப் பிடிச்சுக்கிட்டு நில்லுங்க." பிறகு வீடியோக்காரர்களை விலக்கிவிட்டு, "நீங்க ஐயரைப் பாருங்கண்ணே," என்றார் பக்கிரிசாமியிடம்.

தாலித் தட்டு சபையைச் சுற்றி மணமேடைக்குத் திரும்பியது. ஐயரின் விரல் அசைந்தது. கெட்டிமேளமும் தாலியும் ஒன்றாக விழுந்தன. கதவோரம் நின்ற மேனேஜர் தலையாட்டியதைப் பார்த்த பிறகுதான் பக்கிரிசாமிக்கு உயிரே வந்தது.

கோகுல்நாத் தேங்காய்களுக்கு மேலாகத் தலையை நீட்டினான். "பாத்தீங்களா? நான் கையைத் தூக்காம இருந்தேன், கரெக்டா விழுந்துச்சு. அதுக்குப் பேருதான்யா கோஆர்டினேஷன்!"

"நிஜந்தான் தம்பி," என்றார் பக்கிரிசாமி. "பந்தி முடியிற வரைக்கும் தட்டை இறக்கிடாதீங்க."