இரைச்சலுக்குள் இருந்த குரல்

அணை மதகைத் தொட்டே பார்க்காத தலைமைப் பொறியாளர் ஒருவர் இருந்தார், பெயர் சுகுமாரன். அரசின் தொழில்நுட்பப் பாட்காஸ்ட்டுக்கு ஒலித் தொகுப்பாளர் தேவை என்று பன்னிரண்டு பேரைத் தேர்வுக்குழு முன் வரவழைத்தார். பட்டம் இல்லாதவள் வேதமணி மட்டும்தான். தொழிற்சங்கக் கூட்டங்களுக்கு மைக் செட் கட்டிப் பிழைத்தவள்.

மதகுப் பராமரிப்பு பற்றித் தாம் பேசிய பதிவைச் சுகுமாரன் கொடுத்தார். "நாப்பது நிமிஷம் இருக்கு. பாதியாக்கணும். ஆனா ஒரு விஷயம்கூடக் குறையக் கூடாது. செஞ்சாத்தான் வேலை."

"பின்னால இரைச்சல் வேற இருக்கு, முடியாது சார்" என்று பதினொரு பேரும் எழுந்துவிட்டார்கள். வேதமணி அந்த இரைச்சலைத்தான் காது கொடுத்துக் கேட்டாள். மதியத்துக்குள் முடித்தாள்.

ஒலிபெருக்கியில் வந்தது மதகு திறந்து மூடும் லஸ்கர் அந்தோணிமுத்துவின் குரல். பதிவின்போது சுகுமாரனுக்குப் பின்னால் நின்று அவர் வரிவரியாகக் கிசுகிசுத்தது அது. ஷட்டர் எந்த முனகலில் எச்சரிக்கும், வெள்ளம் ஏறினால் எந்தக் கதவை முதலில் தூக்க வேண்டும் என்று முப்பது வருட அறிவு பேசியது. தேர்வுக்குழு மூச்சடக்கிக் கேட்டது.

"என் குரல் எங்கம்மா?" என்றார் சுகுமாரன்.

"எல்லா விஷயமும் ரெண்டு தடவை இருந்துச்சுங்கய்யா. ரெண்டாவதா வந்ததை எடுத்துட்டேன்."

குழுத் தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "இந்தம்மா நாளைக்கே சேரட்டும். அடுத்த பதிவுக்கு அந்தோணிமுத்துவுக்கு ஒரு நாற்காலி போடுங்க."