நெட்டூரில் ஆடாத மயில்

குருவாடி நாட்டை ஆண்ட மகிழ்மாற மன்னருக்கு இரண்டு விஷயங்களில் பெருமை அதிகம். ஒன்று அவருடைய மீசை. இன்னொன்று அரண்மனை வலைத்தளம். வரி, திருவிழா, அணை திறப்பு, ராணிக்கு ஜலதோஷம் என்று நாட்டில் நடக்கும் எதையும் அதில்தான் அறிவிப்பார்கள். அதைக் கவனித்து வந்தவள் செங்கமலம். வேலையில் கெட்டி, வாயிலும் கெட்டி. அதனாலேயே அமைச்சர் இரும்பொறைக்கு அவளைக் கண்டால் ஆகாது.

அமைச்சரின் மருமகன் வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தான். ஒரு பக்கத்தில் எது தலைப்பு, எது படம் என்று, அதைத் திறந்து காட்டும் உலாவிக்குச் சொல்லும் குறியீடுகள் எல்லாம் மாறிவிட்டன, இன்னும் பழைய விதியில் எழுதுவது நாட்டுக்கே அவமானம் என்றான். செங்கமலம் தங்கை கல்யாணத்துக்குப் போயிருந்த சமயம் பார்த்துத் தளத்தையே மாற்றி எழுதிவிட்டான். மன்னர் தன் புதுக் கணினியில் திறந்து பார்த்தார். திரையில் ஒரு மயில் தோகை விரித்தது. தோகைக்குள்ளிருந்து அறிவிப்புகள் தங்க எழுத்தில் வந்தன. ஓரத்தில் மன்னரின் படம் தானாக மீசையை முறுக்கியது. மன்னர் அன்று மாலை வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் ஆற்றங்கரையில் இருக்கும் நெட்டூர் மக்கள் ஈர வேட்டியோடு சபைக்கு வந்து நின்றார்கள். அணையைத் திறந்ததில் கத்தரித் தோட்டம் முழுக்கப் போய்விட்டது. எருமைகள் பக்கத்து ஊரில் கரையேறின. தளத்தில் அறிவித்திருந்தோமே, பார்க்கவில்லையா என்று அமைச்சர் அதட்டினார்.

"பார்த்தோம் ஐயா," என்றார் ஊர்த்தலைவர் மாசிலாமணி. "எங்கள் கணினி பழசு. திரை வெள்ளையாக இருந்தது. அரசாங்கம் வழக்கம்போல ஒன்றும் சொல்லவில்லை என்று இருந்துவிட்டோம்."

மன்னருக்குச் சுருக்கென்றது. ஊர் திரும்பியிருந்த செங்கமலத்தைக் கூப்பிட்டுக் காரணம் கேட்டார். அறிவிப்பை மயில்தான் கொண்டுவருகிறது, அந்தப் பழைய உலாவிக்கு மயிலைத் தெரியாது, அதனால் மயிலும் வரவில்லை, அறிவிப்பும் வரவில்லை என்றாள் அவள். அப்படியானால் நெட்டூர்க்காரர்கள் புதுக் கணினி வாங்கிக்கொள்ளட்டும் என்றார் அமைச்சர். கத்தரிக்காயே இல்லாதவனிடம் கணினி வாங்கச் சொல்கிறீர்களே என்றாள் செங்கமலம்.

அமைச்சர் சட்டென்று குரலை மாற்றிக்கொண்டார். செங்கமலமே புதிதாக எழுதட்டும், ஆனால் புதிய விதியில் ஓர் எழுத்துகூடப் பிசகக் கூடாது, நெட்டூர்க் கணினியிலும் தெரிய வேண்டும், மன்னரின் கணினியில் எப்படியோ அங்கும் அப்படியே இருக்க வேண்டும் என்றார். முடியாவிட்டால் வேலையை விட்டுப் போகட்டும் என்றும் சேர்த்துக்கொண்டார். அது நடக்காத காரியம் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். மன்னருக்குத் தெரியாது.

"சரிதானே? எல்லாக் கணினியிலும் ஒரே மாதிரி தெரிய வேண்டும். இது என் ஆணை," என்று மன்னர் முடித்துவிட்டார்.

செங்கமலம் அமைச்சரைப் பார்த்தாள். அவர் கூரையின் உத்தரங்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

அணையை மறுபடி திறக்கும் நாள் நெருங்கியது. அதற்கு முன் சபையிலேயே சோதனை வைத்தார்கள். நெட்டூர்க் கணினி மாட்டுவண்டியில் வந்து இறங்கியது. அதை முடுக்கியதும் ரைஸ்மில் சத்தம் கேட்டது. மருமகன் செங்கமலம் எழுதிய பக்கத்தின் குறியீடுகளைத் துருவித் துருவிப் பார்த்தான். எல்லாம் புதிய விதிப்படியே இருந்தன. பிறகு இரண்டு கணினியிலும் பக்கத்தைத் திறந்தார்கள். இரண்டிலும் வெள்ளைத் திரை, கறுப்பு எழுத்து.

"வெள்ளிக்கிழமை காலை அணை திறக்கப்படும். ஆற்றங்கரையில் இருப்பவர்கள் மேட்டுக்குப் போய்விடவும்."

அவ்வளவுதான். மாசிலாமணி வாய்விட்டுப் படித்துத் தலையாட்டினார். மன்னர் முகம் சிவந்துவிட்டது. மயில் எங்கே, தங்க எழுத்து எங்கே, எல்லாவற்றுக்கும் மேலாகத் தன் மீசை எங்கே என்று கேட்டார்.

"ஒரே மாதிரி தெரிய வேண்டும் என்பது உங்கள் ஆணை, மன்னா," என்றாள் செங்கமலம். "நெட்டூர்க் கணினியால் மயில் வரைக்கும் ஏற முடியாது. அதனால் உங்கள் கணினியைக் கீழே இறக்கிவிட்டேன்."

மன்னர் மீசையைத் தடவிக்கொண்டார். பிறகு, தான் என்னவென்று ஆணையிட்டிருக்க வேண்டும் என்று கேட்டார். சேதி எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்கட்டும், அலங்காரம் கணினியின் சக்திக்குத் தகுந்தபடி இருக்கட்டும் என்றாள். பழைய உலாவியிடம் ஒரு நல்ல குணம் உண்டாம். தெரியாத குறியீட்டைக் கண்டால் சண்டைக்குப் போகாது. அதைத் தாண்டிப் போய் உள்ளே இருக்கும் வார்த்தையைக் காட்டிவிடும். மருமகன் வார்த்தையைப் பக்கத்தில் எழுதாமல் மயிலிடமே கொடுத்துவிட்டிருந்தான். இனி வார்த்தையை நடுவில் வைத்து, மயிலை மேலே போர்த்தினால் போதும்.

அமைச்சர் குறுக்கிட்டார். மயிலும் மீசையும் இல்லாமல் மொட்டையாக வந்தால் அதை ராஜ உத்தரவு என்று எவன் மதிப்பான் என்றார்.

"போன மாசி மாதம் மடப்பள்ளியில் தீப்பிடித்ததே, நினைவிருக்கிறதா, அமைச்சரே?" என்றாள் செங்கமலம். "மன்னர் குளித்துக்கொண்டிருந்தார். இடுப்பில் துண்டோடு ஓடிவந்து, தண்ணீர் ஊற்றுங்கள் என்று உத்தரவு போட்டார். பட்டு உடுத்தி, கிரீடம் வைத்துக்கொண்டு வந்து சொல்லட்டும் என்று யாரும் காத்திருக்கவில்லை. முதல் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடியவரே நீங்கள்தான்."

சபையில் யார் முதலில் சிரிப்பது என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மன்னரே முந்திக்கொண்டார். சிரித்த சிரிப்பில் கிரீடம் சரிந்தது.

அங்கேயே ஆணை மாறியது. செங்கமலத்துக்கு முத்து மாலை கிடைத்தது. நெட்டூருக்குக் கத்தரி விதை போயிற்று. விதைக்க உதவி செய்யும்படி மருமகனையும் கூடவே அனுப்பினார்கள். வெள்ளிக்கிழமை அணை திறந்தபோது நெட்டூர்க்காரர்களும் எருமைகளும் மேட்டில் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

சோதனை நடந்த அன்று சபை கலையும்போது மன்னர் செங்கமலத்தை அருகில் கூப்பிட்டார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அந்தப் பழைய கணினியில் என் படத்தைத் துண்டோடு கிண்டோடு போட்டுவிடாதே," என்றார்.

"கவலையே வேண்டாம், மன்னா. அதில் ஒரு படம் முழுசாக வந்து சேர்வதற்குள் நீங்கள் குளித்து, உடுத்தி, சாப்பிட்டுத் தூங்கியே எழுந்துவிடலாம்."