மருதமரத்து நல்ல செய்தி

நெடுங்கரை ஏரியைச் சுற்றியிருந்த காட்டில் மிருகங்களும் பறவைகளும் சேர்ந்து ஒரு சபை வைத்திருந்தன. சபைக்குத் தலைவர் ஒரு காட்டுப்பன்றி. சபையின் செய்தியை ஊருக்குச் சொல்ல ஒரு மைனா.

தினமும் விடிந்ததும் மைனா ஏரிக்கரை மருதமரத்தின் உச்சியில் போய் உட்காரும். கீழே முயல், எலி, கீரி, மான், அணில் என்று எல்லாம் வந்து கூடும். மைனா தொண்டையைச் செருமிக்கொள்ளும்.

"அன்பார்ந்த ஏரிக்கரைவாசிகளே, வணக்கம்! இன்றைய செய்திகள்!"

அதற்குப் பிறகு வருவதெல்லாம் நல்ல செய்திதான். மேற்குப் பக்கம் நாவல் பழுத்திருக்கிறது. கீரியின் மகனுக்குக் கல்யாணம். தலைவருக்குச் சளி குணமாகிவிட்டது. ஒவ்வொரு செய்தி முடிந்ததும் கூட்டம் முழுவதும் ஒரே குரலில் "நல்லது! நல்லது!" என்று சொல்லும்.

அப்படிச் சொல்ல வேண்டும் என்று யாரும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் சொல்லாதவர்களின் பெயர் அப்புறம் மருதமரத்திலிருந்து வராது. பெயர் வரவேண்டும் என்பதற்காகத்தான் பாதிப் பேர் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு அங்கே வந்து நின்றார்கள். மரத்தின் உச்சியிலிருந்து தன் பெயர் விழுவதைக் கேட்பதில் அப்படி ஒரு சுகம்!

முன்பெல்லாம் அந்தக் காட்டுக்குச் செய்தி சொன்னது ஆள்காட்டிப் பறவை. பாம்பு வந்தால் கத்துவாள். வேடன் வந்தால் கத்துவாள். உண்மையைச் சொல்லவேண்டுமென்றால், காய்ந்த சருகு உருண்டாலும் கத்துவாள். அவள் கத்திக் கத்தி எத்தனையோ உயிர் பிழைத்திருக்கிறது. எத்தனையோ தூக்கமும் கெட்டிருக்கிறது. பிழைத்ததை எல்லாரும் மறந்துவிட்டார்கள். கெட்ட தூக்கத்தை மட்டும் ஞாபகம் வைத்திருந்தார்கள்.

அதனால் சபை ஒரு முடிவு எடுத்தது. "இனி செய்தி என்றால் அது மருதமரத்திலிருந்து மட்டுமே வரும். தனியாகக் கத்துவது பீதி கிளப்புவதாகும்!"

"நல்லது! நல்லது!" என்றது கூட்டம்.

ஏரிக்கரைக்குக் கீழே புல் மண்டிய தாழ்நிலம் ஒன்று உண்டு. அங்கே ஒரு கௌதாரி குடியிருந்தாள். அவள் புருஷன் போன கோடையில் வேடனின் கண்ணியில் சிக்கிப் போய்விட்டான். அவன் போனபின் அவள் யாரோடும் அதிகம் பேசுவதில்லை. இந்த மழைக்காலத்தில் அவளுக்கு ஏழு குஞ்சுகள் பொரித்தன.

மறுநாள் காலை மைனா சொன்னது: "தாழ்நிலத்தில் வசிக்கும் கௌதாரியம்மாவுக்கு ஏழு குஞ்சுகள் பிறந்துள்ளன. சபையின் சார்பில் வாழ்த்துகள்!"

"நல்லது! நல்லது!"

கௌதாரிக்குக் கண் கலங்கிவிட்டது. புருஷன் போனபிறகு அவள் பெயரை ஒருவர் அன்பாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. அன்றிலிருந்து அவள் ஒரு காலையையும் தவறவிடவில்லை. குஞ்சுகளையும் கூட்டிக்கொண்டு வருவாள். அவையும் பொடிக் குரலில் "நல்லது! நல்லது!" என்று சொல்லப் பழகிக்கொண்டன.

மழை நன்றாகப் பெய்தது. ஏரி தளும்பியது. கரை மேல் கோரைப்புல் அடர்ந்து வளர்ந்தது. கோரைக்கு அடியில் கிழங்கு இருக்கும். கிழங்கு என்றால் பன்றிகளுக்கு உயிர்.

தலைவரின் பிள்ளைகளும் தம்பிமாரும் மாமன் மச்சான்களும் கரைக்கு வந்தார்கள். மூக்கால் மண்ணைக் கிளறினார்கள். தின்றார்கள். இன்னும் ஆழமாகக் கிளறினார்கள். கரை நெடுகக் குழியாகிவிட்டது. ஓர் இடத்தில் குழி இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குப் போகிற அளவுக்கு ஆகி, கரையின் வெளிச்சரிவில் தண்ணீர் கசிய ஆரம்பித்தது.

ஆள்காட்டி அதைப் பார்த்தாள். கத்த வாய் திறந்தாள். சட்டம் ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டு நேராகச் சபைக்குப் பறந்தாள்.

"தலைவரே! கரை கசியுது! இன்னும் ஒரு நல்ல மழை வந்தா நிக்காது! தாழ்நிலத்துல இருக்கறவங்களை மேட்டுக்குப் போகச் சொல்லணும்!"

"ஏன் கசியுதாம்?" என்று கேட்டது பன்றி.

"உங்க வீட்டு ஆளுங்க கிழங்குக்குத் தோண்டித்தான்!"

மூத்த உறுப்பினரான ஆமை தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது. கஷ்டமான பேச்சு வரும்போதெல்லாம் அது அப்படித்தான் செய்யும். அதனால்தான் அது மூத்த உறுப்பினர்.

பன்றி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. அது சிரித்தது.

"ரொம்ப நன்றிம்மா. நீ சொன்னதைச் சபை கவனத்துல எடுத்துக்கிட்டது. செய்தியில வந்துரும். நிம்மதியாப் போ."

செய்தியில் வரத்தான் செய்தது. மறுநாள் காலை மைனா சொன்னது இது: "ஏரிக்கரையின் வெளிப்புறத்தில் புதிய ஊற்று ஒன்று தோன்றியுள்ளது! தலைவரின் குடும்பத்தார் இரவு பகல் பாராமல் கரையைச் சீரமைத்து வருகிறார்கள். அனைவரும் ஊற்றைக் கண்டு மகிழலாம்!"

"நல்லது! நல்லது!"

எனக்கு இதைச் சொல்லும்போதே வாய் கசக்கிறது. ஆனால் அந்தக் காலையில் அங்கே ஒருவருக்கும் கசக்கவில்லை. எல்லாரும் ஊற்றைப் பார்க்கக் கிளம்பிப் போனார்கள். முயல் அதில் முகம் கழுவியது. மான் குடித்துப் பார்த்து, "ஏரித் தண்ணியை விட இனிக்குது!" என்றது. அது ஏரித் தண்ணீரேதான்.

ஆள்காட்டி நேராக மைனாவிடம் போனாள்.

"தம்பி, நீ தினமும் அந்தக் கரைக்கு மேலதான் பறக்கறே. உனக்குக் கண்ணு தெரியலையா?"

மைனா அங்குமிங்கும் பார்த்தது. குரலைத் தாழ்த்தியது.

"நல்லாவே தெரியுது, அக்கா. ஆனா என் வேலைக்குக் கண்ணு வேண்டாம். வாய் மட்டும் போதும்னுதான் என்னை வெச்சிருக்காங்க."

"அந்தக் கௌதாரிக்கு ஏழு குஞ்சுடா!"

"தெரியும் அக்கா. அந்தச் செய்தியைச் சொன்னதே நான்தானே!" என்றது மைனா. மருதமரத்தின் உச்சிக்கிளையும், சபைக்கு வருகிற பழத்தில் முதல் பங்கும் அதற்குக் கிடைத்துக்கொண்டிருந்தன. அது உச்சிக்கிளைக்குப் பறந்துவிட்டது.

ஆள்காட்டி தாழ்நிலத்துக்கு ஓடினாள். அங்கே கௌதாரி குஞ்சுகளின் காலைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வீட்டு வாசல் வரை சேறாகியிருந்தது.

"தங்கச்சி! குஞ்சுகளைக் கூட்டிக்கிட்டு இப்பவே மேட்டுக்குப் போயிரு! கரை உடையப் போகுது!"

கௌதாரி நிமிர்ந்து பார்த்தாள். "கரை உடையுதா? காலையில செய்தியில ஒண்ணும் சொல்லலையே அக்கா!"

"செய்தியை விடு! உன் வாசல்ல இது என்ன? சேறுதானே? நேத்து இருந்துதா?"

"அது புது ஊத்து தண்ணி. மைனாவே சொல்லுச்சே!"

"உன் கால் நனையுதுடி! அதுக்கும் மைனா வந்து சொல்லணுமா?"

கௌதாரிக்கு லேசாகப் பயம் தட்டத்தான் செய்தது. ஈரத்தைப் பார்த்தாள். கரையைப் பார்த்தாள். மேடு ஒன்றும் தூரமில்லை. குஞ்சுகள் பொரித்த அன்றே நடக்கப் பழகியவை. பொழுது சாய்வதற்குள் போய்விடலாம்.

ஆனால் அவளுக்குத் தன் பெயர் ஞாபகம் வந்தது. மரத்தின் உச்சியிலிருந்து, ஊரே கேட்க, வாழ்த்தோடு வந்த பெயர். அப்படி வாழ்த்தியவர்கள் தன்னைத் தண்ணீரில் விட்டுவிடுவார்களா என்று நினைத்தாள்.

"நீ எப்பவும் இப்படித்தான் அக்கா. சருகு உருண்டாலும் கத்துவே. ஆபத்துன்னா சபை சொல்லாம இருக்குமா? எங்க மேல அவங்களுக்கு இல்லாத அக்கறையா?"

ஆள்காட்டி தலையைக் குனிந்துகொண்டு திரும்பினாள். சருகுக்குக் கத்தியது உண்மைதானே.

மறுநாள் செய்தியைக் கேட்டதும் கௌதாரியின் சந்தேகமெல்லாம் பறந்து போயிற்று.

"ஏரி நிறைந்ததை முன்னிட்டு நாளை மாபெரும் விழா! தலைவர் கரை வழியாக ஊர்வலம் வந்து, தாழ்நிலத்துக்கு வருகை தருகிறார். தாழ்நிலவாசிகள் யாரும் வெளியே செல்லாமல், அவரவர் வீட்டு வாசலில் குடும்பத்தோடு நின்று வரவேற்கும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்!"

"நல்லது! நல்லது!"

"பாத்தியா அக்கா? தலைவரே எங்க வீட்டுக்கு வர்றாரு!" என்று கௌதாரி ஆள்காட்டியைப் பார்த்துச் சிரித்தாள். "உடையற கரை மேல யாராவது ஊர்வலம் வருவாங்களா?"

அவள் கேட்டது நியாயமான கேள்வி. ஆனால் பன்றிக்கு அது கரை பற்றிய விஷயமே அல்ல. தினமும் காலையில் மருதமரத்தடியில் அதுவும்தான் செய்தி கேட்டது. தானே சொல்லச் சொன்ன செய்தியைத் தானே திரும்பத் திரும்பக் கேட்டு, கரையைத் தன் குடும்பம் சீரமைத்திருக்கிறது என்று அதுவே நம்ப ஆரம்பித்திருந்தது.

விழா நாளில் விடியும்போதே மழை பிடித்துக்கொண்டது. இருந்தாலும் ஊர்வலம் கிளம்பியது. முன்னால் பன்றி. பின்னால் அதன் சொந்தபந்தம். அதற்குப் பின்னால் மான்கூட்டம், காட்டெருமைகள், குரங்குகள். கரை முழுக்க ஒரே ஆட்டமும் கூத்தும்.

கீழே தாழ்நிலத்தில் கௌதாரி வாசலைக் கூட்டிவைத்திருந்தாள். ஏழு குஞ்சுகளையும் உயரவாரியாக வரிசையில் நிற்க வைத்திருந்தாள். கடைக்குட்டி குளிரில் நடுங்கி அவள் இறக்கைக்குள் புகப் பார்த்தது.

"ஒழுங்கா நில்லுடா செல்லம்! தலைவர் வந்துட்டுப் போனதும் உள்ள போயிரலாம்."

ஆள்காட்டி கரைக்கு மேலே வட்டமடித்தாள். ஊற்று என்று சொன்ன இடத்தில் மண் பொலபொலவென்று சரிவதைப் பார்த்தாள். அதன்பிறகு அவள் சட்டத்தை நினைக்கவில்லை. தொண்டை கிழியக் கத்தினாள்.

"உடையுது! உடையுது! ஓடுங்க! ஓடுங்க!"

மேலே நின்றவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். "விழா நாள்லயும் ஆரம்பிச்சுட்டா பாரு!" என்றது ஒரு குரங்கு. எல்லாரும் சிரித்தார்கள்.

கௌதாரியும் கேட்டாள். அவள் சிரிக்கவில்லை. மருதமரத்தைத்தான் திரும்பிப் பார்த்தாள். உச்சிக்கிளையில் மைனா இருந்தது. அதற்கு அங்கிருந்து எல்லாமே தெரிந்தது. அது ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் குஞ்சுகளோடு ஓடியிருப்பாள்.

மைனா பன்றியைப் பார்த்தது. பன்றி ஒன்றும் சொல்லச் சொல்லவில்லை. மைனா வாயைத் திறக்கவில்லை.

காட்டெருமைகள் அந்த இடத்தில் கால் வைத்ததும் கரை வாய் பிளந்தது. கரை மேல் இருந்தவர்கள் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் தாவித் தப்பித்துக்கொண்டார்கள். எல்லாருக்கும் முன்னால் தாவியது தலைவர்தான். ஏரி முழுவதும் தாழ்நிலத்தில் இறங்கியது.

கௌதாரிக்கு இறக்கை இருந்தது. மருதமரத்துக்குப் பக்கத்திலிருந்த வேப்பமரத்துக்குப் பறந்து தப்பினாள். அவள் குஞ்சுகளுக்கு இறக்கை இன்னும் முளைத்திருக்கவில்லை. அவள் திரும்பிப் பார்த்தபோது வாசலே இல்லை.

அந்த வேப்பங்கிளையிலேயே அவள் இருந்தாள். பக்கத்தில் ஆள்காட்டியும் வந்து உட்கார்ந்தாள். "நான் அப்பவே சொன்னேனே" என்று சொல்ல அவளுக்கு எல்லா நியாயமும் இருந்தது. அவள் சொல்லவில்லை.

அடுத்த நாள் காலை வழக்கம்போல மைனா மருதமரத்தின் உச்சிக்கு வந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டது. கீழே கூட்டமும் வழக்கம்போல வந்திருந்தது. கொஞ்சம் குறைந்திருந்தது, அவ்வளவுதான்.

"அன்பார்ந்த ஏரிக்கரைவாசிகளே, வணக்கம்! நேற்றைய விழா சிறப்பாக நடந்து முடிந்தது!"

"நல்லது! நல்லது!"

"தாழ்நிலவாசிகளின் வீட்டு வாசலுக்கே தண்ணீர் வசதி செய்து தரப்பட்டுள்ளது!"

"நல்லது! நல்லது!"

மைனா ஒரு கணம் நிறுத்தியது. பன்றி கீழேயிருந்து அண்ணாந்து பார்த்தது. மைனா சொன்னது: "தாழ்நிலத்தில் வசித்துவந்த கௌதாரியம்மா, தற்போது வேப்பமரத்துக்குக் குடிபெயர்ந்திருக்கிறார். சபையின் சார்பில் வாழ்த்துகள்!"

"நல்லது! நல்லது!" என்றது கூட்டம்.

"கௌதாரி! உன் பேரைச் சொன்னாங்க பாரு!" என்று கீழேயிருந்து முயல் கூவியது. மனசார சந்தோஷப்பட்டுத்தான் கூவியது.

பழக்க தோஷத்தில் கௌதாரியின் அலகு தானாகத் திறந்தது. "நல்..." என்று பாதி வார்த்தை வெளியே வந்தும் விட்டது. பக்கத்தில் அதைச் சேர்ந்து சொல்ல எந்தப் பொடிக் குரலும் இல்லை. அப்போதுதான் அவள் வாய்விட்டு அழுதாள். அந்த அழுகை எந்தச் செய்தியிலும் வரவில்லை.

தன் கால் நனைவதை நம்பாமல் மேலிருந்து வரும் இனிப்பான செய்திக்குத் தலையாட்டிப் பழகியவர்களை, மேலிருப்பவர்கள் ஒருநாள் அவரவர் வீட்டுச் சாவுக்கே "நல்லது" சொல்ல வைத்துவிடுவார்கள்.