செவப்புக் கதவுக்கு எந்தக் கம்பி?

"கம்பி சரியில்ல அம்மிணி!"

நாச்சிமுத்து கம்பியத் தூக்கி வீசினாரு. அது சிமெண்டுத் தரையில உருண்டு போயி பெனிட்டாவோட செருப்புல முட்டி நின்னுச்சு.

பெனிட்டா குனிஞ்சுகூடப் பாக்கல.

"எடுங்க."

"சரியில்லாத கம்பிய நா எதுக்கு எடுக்கோணும்?"

"எடுங்கண்ணா!"

போட்ட சத்தத்துல ஷட்டர் அதிர்ந்துச்சு. எடுத்தாரு.

அவருக்கு நாப்பத்தேழு வயசு. இருபத்து மூணு வருசமா டிங்கரிங். கார்ல ஒடுக்கு விழுந்தா சுத்தியல்ல தட்டி, மிச்சப் பள்ளத்தைப் பட்டிப் பசை பூசி ரொப்பி, தேச்சு, மேல பெயிண்ட் அடிக்கிற வேலை.

பெனிட்டாவுக்கு இருபத்தெட்டு. சுத்தியலும் கிடையாது, பட்டியும் கிடையாது. கதவுக்கு உள்ளார நீளக் கம்பிய விட்டு, பின்னாடி இருந்து கொஞ்சம் கொஞ்சமா நெம்பியே ஒடுக்கை வெளிய கொண்டாந்துரும். பெயிண்ட்ல ஒரு கீறல் இருக்காது. கோயமுத்தூர்ல யாரைக் கேட்டாலும் பெனிட்டா பேரத்தான் சொல்லுவாங்க. கூடவே, அதோட வாயையும் சொல்லுவாங்க.

பெனிட்டாவோட ஷெட்டுக்கு நாச்சிமுத்து ஆசைப்பட்டு வரல.

அவரு வேலை பாக்கற பட்டறை ஓனரு சொல்லிட்டாரு. "பட்டின்னு சொன்னாலே இப்ப கஸ்டமர் வண்டியத் திருப்பிட்டுப் போயிர்றான். பெனிட்டாகிட்டப் போயிக் கத்துக்க. ஆளு தேறிட்டாருன்னு அது சொன்னா அடுத்த வாரச் சனிக்கிழமைல இருந்து புது வேலை. சொல்லலன்னா உம்பட சுத்தியல எடுத்துட்டுக் கெளம்பிரு."

இருபத்து மூணு வருசத்துக்கு அவ்ளோதான் பேச்சு.

வந்த மொத நாளே பெனிட்டா ஒரு செவப்புக் கதவைக் காமிச்சுச்சு. உக்கடத்துல பழைய இரும்புக் கடையில எடுத்தது. நடுவுல உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஒடுக்கு.

"இதுக்கு எந்தக் கம்பி? அதச் சொன்னீங்கன்னா உங்க ஓனருக்கு ஃபோன் போடுறேன்."

செவுத்துல முப்பத்திரெண்டு கம்பி தொங்குச்சு. ஒல்லி, தடி, கொக்கி மாதிரி வளைஞ்சது, நுனி சப்பையா இருக்கறது.

நாச்சிமுத்துக்குச் சிரிப்பு வந்துருச்சு. "இவ்ளோதானா?"

"இவ்ளோதான்."

அன்னைக்குச் சிரிச்சதுதான்.

காலைல முழுக்க வெள்ளைக் கதவுல பழகோணும். அது வேற கதவு. பெனிட்டா மார்க்கர்ல புள்ளி வெச்சுட்டுப் போயிரும். கம்பிய உள்ள விட்டு, சரியா அந்தப் புள்ளியில, கடுகு அளவுக்கு மட்டும் தகரத்தைத் தூக்கோணும். எதுக்க கோடு கோடா எரியற லைட்டு ஒண்ணு. கதவுல அந்தக் கோடு நேராத் தெரிஞ்சா தகரம் நேரா இருக்கு. வளைஞ்சா வளைஞ்சிருக்கு.

"நான் கடுகு கேட்டேன். நீங்க நெலக்கடலை போட்டு வெச்சிருக்கீங்க."

"கை அப்படிப் பழகிருச்சு அம்மிணி."

"அப்ப கைய வீட்ல வெச்சுட்டு வாங்க!"

மத்தியானத்துக்கு மேல செவப்புக் கதவு. இந்தக் கம்பி, அந்தக் கம்பின்னு ஒவ்வொண்ணா எடுத்து நெம்புனாரு. கம்பி போறது கைக்குத் தெரியுது. ஒடுக்கு மட்டும் அசையல. லைட்டுக் கோடு வளைஞ்சது வளைஞ்சபடியே கெடந்துச்சு.

"கொக்கிக் கம்பிதான?"

"இல்ல."

"சப்பை நுனி?"

"இல்ல."

"பின்ன எதுதான்?"

"அதத்தான நான் கேட்டேன்!"

ஒம்பதாவது நாள் ஒரு பெரிய பொட்டியோட வந்தாரு. உள்ள புத்தம் புதுக் கம்பி, அறுபது. பெனிட்டா மூடியத் தொறந்து பாத்துச்சு.

"என்னண்ணா, ஊதுவத்தி ஏவாரமா?"

"உங்க கம்பி பழசு. அதான் வர மாட்டேங்குது."

பெனிட்டா பொட்டியத் தூக்கிட்டுப் போயி வாசல்ல வெச்சுச்சு. மழை பேஞ்சுட்டு இருந்துச்சு. திரும்பி வந்து, வெள்ளைக் கதவுல புதுசா நாப்பது புள்ளி வெச்சுச்சு.

நாச்சிமுத்துக்கு மூஞ்சி செவந்து போச்சு.

"இங்க பாரு அம்மிணி! நான் ஒண்ணும் தெரியாதவன் இல்ல. நான் பட்டி போட்டு எறக்குன வண்டிய நீ எந்த லைட்டு வெச்சுப் பாத்தாலும் கண்டுபுடிக்க முடியாது. பட்டிக்கு முன்னால தகரத்துல ஆணியில ஒரு சூலம் கீறுவேன். என் கணக்கு அது, என் கையெழுத்து. இத்தனை வருசத்துல ஒருத்தன், ஒரே ஒருத்தன், அந்தச் சூலத்தைக் கண்டதில்ல!"

"அதுல என்ன பெருமை?"

"பெருமைதான்!"

"ஒடுக்கு எங்க போச்சு?"

"எந்த ஒடுக்கு?"

"பட்டி போட்டீங்களே, அந்த ஒடுக்கு."

"அது... உள்ள இருக்கும்."

பெனிட்டா மார்க்கருக்கு மூடி போட்டுட்டுப் போயிருச்சு. அவருக்கு அதுல இன்னும் கோவம் ஏறுச்சு.

வெள்ளிக்கெழமை வந்துச்சு.

வெள்ளைக் கதவுல இப்பக் கடுகு கடுகாத்தான் வருது. அது அவருக்கே தெரியும். ஆனா செவப்புக் கதவு? முப்பத்தோரு கம்பி முடிஞ்சுது. மிச்சம் ஒண்ணு. இருக்கறதுலயே தடியானது, ஒரு ஆள் நீளம்.

சாயங்காலம் நாலு மணி. நாளைக்குச் சனிக்கிழமை.

"இதான! இதுதான!"

பெனிட்டா டீ குடிச்சுட்டு இருந்துச்சு.

"வாயத் தொறந்து சொல்லேன்! என் பொழப்பு போகுது, நீ டீ குடிச்சுட்டு இருக்கற!"

கம்பிய உள்ள விட்டாரு. கால ஊனுனாரு. ரெண்டு கையும் போட்டு, இத்தனை நாளாக் குவிஞ்ச ஆத்திரம் அத்தனையும் சேத்து ஒரே நெம்பு.

படக்!

செவப்புப் பெயிண்ட் வெடிச்சுது. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சில்லு பேந்து தரையில விழுந்து ரெண்டா ஒடைஞ்சுது. சில்லுக்குப் பின்னாடி சாம்பக் கலர்ல, விரல் தடிமனுக்கு, பட்டி.

நாச்சிமுத்து பாத்தாரு. குனிஞ்சு ஒரு சில்ல எடுத்துப் பொரட்டுனாரு. அப்பறம் வாயில வந்துச்சு பாருங்க!

"பட்டி! பட்டிக் கதவையா இத்தனை நாளா நெம்புனேன்? கம்பி நெம்புனா தகரம்தான் வரும், பட்டி எப்படி வரும்? எந்த நாசமாப் போனவன் போட்டது இது? விரல் தடிமனுக்குப் போட்டிருக்கான், அதான் நாளாவட்டத்துல உள்வாங்கிருக்கு, களவாணி! காரு வெச்சிருந்தவன ஏமாத்திருக்கான்! அவன் கை வெளங்குமா? அவனெல்லாம் ஒரு டிங்கரா?"

எட்டி ஒரு ஒதை விட்டாரு. இன்னொரு சில்லு விழுந்துச்சு.

"உனக்குத் தெரியுமா அம்மிணி? இது பட்டின்னு உனக்கு முன்னாலயே தெரியுமா?"

பெனிட்டா டம்ளரக் கீழ வெச்சுச்சு. எந்திரிச்சு வந்து வெள்ளைக் கதவை விரல் முட்டியால ஒரு தட்டு தட்டுச்சு.

டங்.

செவப்புக் கதவுல, பட்டி இன்னும் பேராத எடத்துல, ஒரு தட்டு.

டொக்.

இருபத்து மூணு வருசம் வேலை பாத்த ஆளுக்கு அதுக்கு மேல என்ன சொல்லோணும்? வந்த நாள்ல இருந்து கம்பியத் தொட்டாரு. கதவை ஒரு தடவை தட்டல.

"மொத நாளே தெரியுமில்ல? சொல்லிருக்கலாமில்ல!" இப்பவும் கத்துனாரு.

பெனிட்டா உப்புத்தாள எடுத்து அவரு கையில திணிச்சுது.

"தேய்ங்க. தகரம் வர்ற வரைக்கும்."

"எதுக்கு?"

"தேய்ங்கண்ணா! திட்டுனீங்கல்ல? எப்படிப் போட்டிருக்கான்னு முழுசாப் பாருங்க!"

தேச்சாரு. திட்டிக்கிட்டே தேச்சாரு. களவாணி, ஒரு தேய்ப்பு. வெளங்காதவன், ஒரு தேய்ப்பு. சாம்பத் தூள் மூக்குல ஏறுச்சு, மீசையில படிஞ்சுது.

தகரம் தெரிய ஆரம்பிச்சுது.

திட்டு பாதியில நின்னுச்சு.

கையும் நின்னுச்சு.

பெனிட்டா பின்னாடி இருந்து கேட்டுச்சு. "என்னாச்சு?"

அவரு சட்டுனு உள்ளங்கைய வெச்சு அந்த எடத்தை மூடினாரு.

"ஒண்ணுமில்ல."

"கைய எடுங்க."

எடுக்கல.

"கைய எடுங்கண்ணா."

இந்தத் தடவை சத்தம் போடல.

எடுத்தாரு. துரு ஏறுன தகரத்துல, ஆணியால கீறுன மூணு முனை. ஒரு பிடி. சூலம்.

வெளிய பஸ் ஒண்ணு ஹாரன் அடிச்சுட்டே போச்சு.

பெனிட்டா சூலத்தைப் பாத்துச்சு. அவரு மூஞ்சிய மட்டும் பாக்கல.

"இந்தக் கதவுக்கு எந்தக் கம்பி?"

நாச்சிமுத்து தடிக் கம்பியக் கதவுக்குள்ள இருந்து உருவுனாரு. வேட்டி முனையில தொடைச்சாரு. கொண்டு போயி செவுத்துல அதோட ஆணியில, சத்தம் வராம மாட்டினாரு.

"எதுவும் இல்லீங்க."

பெனிட்டா ஃபோன எடுத்து அவரோட ஓனரக் கூப்புட்டுச்சு.

"நாளைக்கு வருவாரு," அவ்ளோதான் சொல்லுச்சு. வெச்சுட்டு அவரு பக்கம் திரும்புச்சு. மறுபடியும் அதே கோவம், அதே கொரலு. "கதவக் கையில குடுத்ததும் மொதல்ல என்ன பண்ணுவீங்க?"

நாச்சிமுத்து வெள்ளைக் கதவுகிட்ட நடந்து போனாரு. விரல மடக்குனாரு.

டங்.